இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டு வயர்

என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது ஒன்றையேதான். "நாங்க ஒன்னுமே பண்ணல பாய், அதுவா ரோசாக் ஆயிருச்சு." கோலா குபு பாருவில் கடை போட்டு, வீடுகளுக்கும் ஆபீஸ்களுக்கும் கம்ப்யூட்டர் லைன் இழுத்துக் கொடுக்கும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, தானாகக் கெட்டுப்போன பெட்டி ஒன்றைக்கூட நான் பார்த்தது கிடையாது. இடி விழுந்திருக்கும், எலி கடித்திருக்கும், இல்லையென்றால் யாராவது ஒரு புண்ணியவான் எதையாவது எதிலாவது செருகியிருப்பார். கேட்டால் வீடே சேர்ந்து சத்தியம் செய்யும்.

விஷாலினி அப்படிச் சொல்லவில்லை. கடைக் கதவை நான் முழுதாகத் தூக்குவதற்குள் போன் அடித்தது.

"சைஃபு அண்ணே, ரெண்டு நாளா லைன் சுத்தமா இல்ல. இன்னிக்கு மூணு மணிக்கு எனக்கு டெஸ்ட். அது பாஸ் ஆவலன்னா திங்கக்கெழம நான் கேஎல் ஆபீசுக்குப் போயிடணும். அம்மாவ யாருண்ணே பாத்துக்குவா?"

விஷயம் இதுதான். அவள் கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கு வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை பார்க்கிறாள். அம்மா கலாவதிக்கு இந்த வருஷ ஆரம்பத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அழுது கேட்டதில், வீட்டிலிருந்தே வேலை செய்ய கம்பெனி அனுமதி கொடுத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. மேலதிகாரி ஒருநாள் வீடியோவில் உட்கார்ந்து லைனைச் சோதிப்பார். ஒரு நிமிஷத்துக்கு மேல் லைன் அறுந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட வேண்டும். அந்த ஒருநாள் இன்றைக்கு வந்து நிற்கிறது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பத்தாங் காலிப் பக்கம் விட்டேன். தோட்டத்துச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் சிந்திவிட்டுப் போன பழங்கள் சிவப்புச் சிவப்பாக நசுங்கிக் கிடந்தன. வெயில் மண்டையைப் பிளந்தது. அதை நம்பக் கூடாது. இந்தப் பக்கத்தில் மத்தியானச் சோறு இறங்குவதற்குள் மலையிலிருந்து மழை இறங்கிவிடும்.

பழைய லயங்களை இடித்துவிட்டு நிர்வாகம் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள் அவை. விஷாலினியின் அப்பா பாலகிருஷ்ணன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார், விடியுமுன் போனால் மத்தியானம்தான் வருவார். ஒட்டிய அடுத்த வீடு அவருடைய அண்ணன் சோமுவுடையது. மண்டோராக, அதாவது ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக, இருந்து ஓய்வு பெற்றவர், தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். நடுவில் ஒரே சுவர்தான். அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

கலாவதி அக்கா முன்னறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் ஒரு தட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒரு கையால் கீரை ஆய்வது எப்படி என்று நீங்கள் பார்க்க வேண்டும். காம்பைத் தட்டின் விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக் கிள்ளுகிறார். அவசரமே இல்லை.

"வா... தம்பி" என்றார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அவருக்கு நேரம் வேண்டும்.

விஷாலினி என்னை அலமாரிக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, ஒரு விஷயம். இங்க லைனு எங்க பேர்ல இல்ல. நாங்க கேட்டப்ப இந்த வரிசைக்கே போர்ட் ஃபுல்லு, புது லைன் குடுக்க எடமில்லன்னு சொல்லிட்டாங்க. பெரியப்பா வூட்ல மட்டுந்தான் இருக்கு. நான் இங்க வந்த மொத வாரம் பெரியம்மா சமையக்கட்டு ஜன்னல் வழியா ஒரு வயர நீட்டி, 'செருவிக்கடி, யாருக்கும் சொல்லாத'ன்னாங்க. பெரியப்பாவுக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது."

"அப்பா வயரப் பாத்து ஒன்னும் கேக்கலியா?"

"சிம் கார்டு பெட்டிய ஜன்னல்கிட்ட வச்சிருக்கேன், அங்கதான் சிக்னலு வருதுன்னு சொன்னேன். நம்பிட்டாரு."

டிராக்டர் எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற மனிதர் அதை நம்பினாரா என்று எனக்குச் சந்தேகம்தான். மகள் சொன்னால் அப்பாக்கள் எதையும் நம்புவார்கள், அது வேறு கதை.

அலமாரிக்குப் பின்னால் வயர்கள் வந்து சேரும் சிறிய ஸ்விட்ச் பெட்டி இருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு நோய் தெரிந்துவிட்டது. நல்ல பெட்டியில் விளக்குகள் ஒவ்வொன்றும் தன் தன் பாட்டுக்குக் கண் சிமிட்டும். இதில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, சாமி வந்தவர் மாதிரி நிறுத்தாமல் ஆடிக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து வரும் நீல வயர் ஒன்று, விஷாலினியின் கணினிக்குப் போவது ஒன்று. இவை போக, சுவரேறிக் கூரைக்குள் போகும் அழுக்குச் சாம்பல் வயர் ஒன்று.

"இது என்னா?"

"அது பழசுண்ணே. சண்டைக்கு முன்னுக்கு பெரியப்பா வூட்லேருந்து வந்தது. அப்பாதான் கோவத்துல புடுங்கிப் போட்டாரு. சும்மாதான் தொங்குச்சு." குனிந்து பார்த்தவள் நிமிர்ந்தாள். "யாரு மாட்டுனா?"

நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "அப்பா... முந்தாநேத்து... சாயந்தரம்."

"அப்பாவா? ஏம்மா சொல்லல?"

"வாய்ல... வெரல வச்சாரு." தன் இடது கை விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். "இவ சொல்லாதங்கறா... அவரும் சொல்லாதங்கறாரு. நான்... என்னா பண்ண?"

பேசவே சிரமப்படுகிறவரிடம் வீட்டில் எல்லோரும் ரகசியத்தைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இவர்களைப் பார்த்துச் சிரிப்பதா, அழுவதா?

நான் சாம்பல் வயரை உருவினேன். விளக்குகள் ஒரு நொடி தடுமாறி, பிறகு அமைதியாகக் கண் சிமிட்ட ஆரம்பித்தன. விஷாலினி கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "வந்துருச்சு!" சுவருக்கு அந்தப் பக்கத்திலும், அதே லைனில் ஓடும் தொலைக்காட்சி திடீரென்று பேச ஆரம்பித்தது.

"அவ்ளோதானாண்ணே? ஒரு வயரு கூட இருந்தா லைன் செத்துடுமா?"

"இந்தப் பெட்டிக்கி ஒரு பழக்கம் இருக்கு. ஒரு சேதி யாருக்குப் போவணும்னு தெரியலன்னா, இருக்கற எல்லா வழியிலயும் கத்தி அனுப்பும். பெரியப்பா வூட்டுப் பெட்டியும் அப்படித்தான். ஜன்னல் வழியா போன சத்தம் கூரை வழியா திரும்பி வருது. இது புதுசுன்னு நெனச்சி மறுபடியும் கத்துது. நிறுத்தறதுக்கு ஆளில்ல. கொஞ்ச நேரத்துல அந்தச் சத்தமே லைன் பூரா அடச்சிக்கும், ஒங்க வேலைக்கி எடமிருக்காது."

"கோயில் வாட்ஸப் குரூப்புல குட் மார்னிங் அனுப்பற மாதிரியா?"

"அதேதான் லா."

அந்தப் பக்கத்து முனையையும் கழற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அங்கே பெரியம்மா இராஜம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "வந்துருச்சு தம்பி, நாடகம் ஓடுது! கம்பெனிக்காரன் வந்து எல்லாம் சரியாத்தான் இருக்குன்னுட்டுப் போயிட்டான். நீ மகராசனா இருக்கணும்." பிறகு என்னை நெருங்கி, "ஜன்னல் வயரப் பத்தி பெரியவருகிட்ட மூச்சு விடாத" என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

சோமு அண்ணனோ நாடகத்தைப் பார்க்காமல், தொலைக்காட்சி மேசைக்குப் பக்கவாட்டில் குனிந்து அவர்கள் வீட்டு ஸ்விட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரையே அதட்டி வேலை வாங்கிய ஆள். அன்றைக்குத் தோள் இரண்டும் தொங்கிக் கிடந்தன.

"தம்பி, மொத விளக்கு அணஞ்சிபோச்சு."

"அது அணஞ்சதாலதாண்ணே லைன் வந்துச்சு."

"லைன் போனா போவுது. அந்த விளக்கு ஏன் அணஞ்சிச்சு?"

பெட்டியைப் பார்த்தேன். முதல் துளையில் சாம்பல் வயர் மாட்டியிருந்தது. பெட்டி புத்தம் புதிது.

"இது எப்ப வாங்கனது?"

"போன தீபாவளிக்கு இடி விழுந்து பழசு கருகிப்போச்சு. கோலா குபுவுலதான் வாங்கனேன், வேற கடையில. கோச்சிக்காத."

கடையைப் பற்றிக் கோபித்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. சண்டை நடந்து இரண்டு வருஷமாகிறது. போன தீபாவளிக்கு வந்த புதுப்பெட்டியில், தம்பி வீட்டுக்குப் போகும் செத்த வயரை இவர் தன் கையாலேயே, அதுவும் முதல் துளையில் மாட்டியிருக்கிறார்.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். வேறு வழியில்லாமல் சொன்னார்.

"அவன் அந்தப் பக்கம் புடுங்கிட்டான். அது அவன் கோவம். நான் ஏன் புடுங்கணும்? என்னிக்காவது ஒருநாள் மாட்டுவான்னு வச்சிருந்தேன். காலையில எந்திரிச்சதும் இந்த விளக்கு எரியுதான்னு பாப்பேன். முந்தாநேத்து சாயந்தரம் பாத்தா எரியுது தம்பி." அணைந்த விளக்கை விரலால் தொட்டார். "இன்டர்நெட் இல்லன்னு இவ ரெண்டு நாளா கத்துறா. நான் வாயத் தொறக்கல. அந்த விளக்கு எரிஞ்சா எனக்குப் போதும்."

இராஜம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். "ஓஹோ. நீங்களும் திருட்டுத்தனமாத்தான் வயரு வச்சிருக்கீங்களா?"

"நீங்களும்னா? வேற யாரு வச்சது?"

அவ்வளவுதான், ஜன்னல் வயரும் வெளியே வந்துவிட்டது. சோமு அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போய், கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே நுழைந்து வெளியே போகும் நீல வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நல்ல காரியந்தான் பண்ணிருக்க. சொல்லிட்டுப் பண்ணக் கூடாதா?" என்றார்.

"சொன்னா விடுவீங்களா?"

"விட்டிருப்பேன்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொதல்ல திட்டிட்டு விட்டிருப்பேன்" என்றார்.

எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகிறது. இப்படி ஒரு சண்டைகூட என் வீட்டில் நடந்ததில்லையே என்று பொறாமையாக இருந்தது. ஆனால் வேலை வேலைதான்.

"அண்ணே, ரெண்டுல ஒன்னுதான் இருக்க முடியும். கூரை வயர எலி கடிச்சிருக்கு, நம்ப முடியாது. ஜன்னல் வயரு நல்லா இருக்கு. இன்னிக்கு புள்ளைக்கி டெஸ்ட்."

அவர் பதில் சொல்லுமுன் சுவருக்கு அந்தப் பக்கத்தில் விஷாலினி அலறினாள். எங்கள் பக்கத்தில் தொலைக்காட்சி நடிகையின் வாய் திறந்தபடியே நின்றுபோனது. சோமு அண்ணன் பெட்டியைப் பார்த்தார். முதல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நான் ஓடினேன். பாலகிருஷ்ணன் சேறு பூசிய பூட்சோடு அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் செம்பனை எண்ணெய்க் கறை.

"எவன் இந்த வயரக் கழட்டுனது?"

"நாந்தாண்ணே. அதாலதான் லைன் போச்சு."

"ரெண்டு பைப்பு போட்டா தண்ணி கூட வருமா, கொறையுமா? புள்ள டெஸ்டு டெஸ்டுன்னு பொலம்புது. சிம் கார்ட மட்டும் நம்ப முடியாதுன்னுதான் இதயும் செருவுனேன். எனக்கு என்னா அங்கேருந்து லைன் எடுக்க ஆசையா?"

"சிம் கார்டு இல்லப்பா" என்றாள் விஷாலினி. அழுகை முட்டிக்கொண்டு நின்றது. "ஜன்னல் வயரும் அங்கேருந்துதான் வருது. பெரியம்மா குடுத்தாங்க."

"அண்ணியா? எப்பலேருந்து?"

"நான் வந்த மொத வாரத்துலேருந்து."

அவர் வாசற்படிக்குப் போய் உட்கார்ந்து பூட்சைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு பூட்சைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சாம்பல் வயரு அந்தப் பக்கமும் மாட்டித்தான் இருக்குண்ணே. நீங்க செருவுனதும் விளக்கு எரிஞ்சிச்சுன்னா, அங்க யாரும் கழட்டலன்னுதான அர்த்தம்? இடி விழுந்து புதுப்பெட்டி வாங்குனப்பவும் அதத்தான் மொதல்ல மாட்டிருக்காரு."

பாலகிருஷ்ணன் பூட்சின் சேற்றைத் தரையில் தட்டினார். அவர் கைகளில் முள் குத்திய கறுப்புப் புள்ளிகள். "எனக்கென்னா. புள்ளைக்கி லைன் வந்தா சரி" என்று எழுந்து குளிக்கப் போய்விட்டார். உள்ளே வெகுநேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

சண்டையின் காரணத்தை விஷாலினி சொன்னாள். அம்மன் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் கரகம் எடுப்பவர் அவள் அப்பா. ஒருமுறை தீக்குழி வரைக்கும் வந்து தலை சுற்றிவிட்டது. இனிப்புநீர் அதிகம் அவருக்கு, சர்க்கரை நோய். அடுத்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில், தலைவர் சோமு ஒலிபெருக்கியில், "பாலகிருஷ்ணனுக்கு இனிமே முடியாது, வேற ஆள் எடுக்கட்டும்" என்று அறிவித்துவிட்டார். முன்கூட்டி வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தவர்தான், அண்ணனிடம் பேசவில்லை.

இந்த இரண்டு வயரில் எதைக் கழற்றினாலும் யாராவது மறுபடியும் செருகுவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாம்பலைக் கழற்றினால் சோமு அண்ணன் சோறு தின்ன மாட்டார். எலி கடித்ததை மட்டும் நம்பி நீலத்தைக் கழற்றினால் விஷாலினியின் பிழைப்பு போய்விடும். கடைக்குத் திரும்பி ஓட்டினேன். ஏதோ ஆபீஸ் மூடியபோது கிடைத்த பெரிய ஸ்விட்ச் பெட்டிகள் இரண்டு ஜோடியாகத் தூசி படிந்து கிடந்தன. பழசுதான், ஆனால் மூளையுள்ள பெட்டிகள். பின்சீட்டில் கட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு ஒன்றாக மாட்டினேன். இரண்டு வயரையும் இரண்டிலும் செருகினேன். விளக்குகள் கொஞ்சநேரம் ஆரஞ்சாக நின்றன. பிறகு விஷாலினி வீட்டுப் பெட்டியில் நீல வயரின் விளக்கு பச்சையானது, சாம்பல் வயரின் விளக்கு ஆரஞ்சாகவே நின்றுவிட்டது. லைன் ஓடியது.

"ரெண்டும் மாட்டிருக்கே, எப்புடிண்ணே?"

"ஸ்பேனிங் ட்ரீன்னு ஒரு ஏற்பாடு. இந்தப் பெட்டிங்க ஒன்னுக்கொன்னு 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே இருக்கும். அதே சேதி ரெண்டு வழியா வந்தா, ஓ, இங்க சுத்துவழி இருக்குன்னு புரிஞ்சிக்கிட்டு ஒரு வழிய மூடி வச்சிரும்."

கலாவதி அக்கா கேட்டார். "மூடுனா... அந்த வயரு... செத்துப்போச்சா?"

"இல்லக்கா. அதுல பேச்சு போவாது, அவ்ளோதான். காது தெறந்தே இருக்கும். அந்தப் பக்கத்துலேருந்து 'நான் இருக்கேன்'ங்கறத கேட்டுக்கிட்டே இருக்கும். நல்ல வயரு அந்துபோச்சுன்னா, ஒரு அரை நிமிஷம் உஷாரா பாத்துட்டு, தானா தெறந்துக்கும்."

அக்காவின் வாய் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "எங்க வூட்டு... ஆம்பளைங்களுக்கு... தேவலாம்."

குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்த பாலகிருஷ்ணன் காது கேளாதவர் போலத் திரும்பிக்கொண்டார்.

சாப்பாடு சோமு வீட்டில். இராஜம்மா சாம்பாரும் கங்கோங் கீரைப் பொரியலும், புளித்த சோயாக் கட்டியான தெம்பே வறுவலும் செய்திருந்தார். "இது சைவச் சட்டிதான் தம்பி, பயப்படாம சாப்புடு" என்றார். எனக்குச் சட்டியைப் பற்றிப் பயமில்லை, அவர் பரிமாறும் அளவைப் பற்றித்தான் பயம். ஒரு கிண்ணத்தில் சாம்பாரும் தெம்பேயும் எடுத்து மூடி என்னிடமே கொடுத்து, "கலாவுக்கு" என்றார். சோமு அண்ணன் பெட்டியின் முன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வழியை மூடியது தம்பி வீட்டுப் பெட்டி மட்டும்தான், அவர் பக்கத்தில் இரண்டு விளக்குமே பச்சை. அதைப் பார்த்துக்கொண்டு வயிறாரச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்கு விஷாலினி தலைவாரி, நல்ல சட்டை போட்டு, சட்டைக் காலரில் ஒலிவாங்கி மாட்டிக் கணினி முன் உட்கார்ந்தாள். கலாவதி அக்கா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மகளையே பார்த்தார். பாலகிருஷ்ணன் கதவோரம் நின்றார். நான் பெட்டியின் முன் குந்தினேன். திரையில் ஒரு பெண் அதிகாரி வந்தார். மலாயிலும் ஆங்கிலத்திலும் கேள்வி கேட்டார், விஷாலினி பதில் சொன்னாள். அழகாகப் பேசினாள். காலையில் போனில் அழுத பிள்ளையா என்று இருந்தது.

அப்போதுதான் மழை வந்தது. தூறல், முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டியது போல, காற்றோடு சாய்ந்து அடித்தது.

சமையலறைப் பக்கம் சாய்ந்து அடிக்கும் மழைக்கு இந்த வரிசை வீடுகளில் பெண்கள் என்ன செய்வார்கள்? ஓடிப்போய் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை இறக்குவார்கள். வருஷக் கணக்காகக் கை தானாகச் செய்கிற வேலை. இராஜம்மாவின் கையும் செய்தது. பட்டை இறங்கியது, நடுவில் நீல வயர்.

விஷாலினியின் திரை நின்றது. அதிகாரி பாதிக் கண் மூடிய நிலையில் உறைந்தார்.

"அண்ணே!"

பாலகிருஷ்ணன் ஒரே எட்டில் பெட்டிக்கு வந்து கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். "தொடாதீங்கண்ணே. யாரும் எதயும் தொடாதீங்க. அது பாத்துக்கும்." அப்படிச் சொன்னேனே தவிர எனக்கே நம்பிக்கையில்லை. எலி கடித்த வயர். உள்ளே எத்தனை இழை மிச்சமோ. சாம்பல் வயரின் விளக்கு ஆரஞ்சாகவே நின்றது.

வாசலில் தடதடவென்று சத்தம். சோமு அண்ணன் வெறுங்காலோடு, தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார். "வயரு அந்துபோச்சுடா! இவ ஜன்னல இறக்கிட்டா! அந்துபோச்சுடா பாலா, புள்ளைக்கி…" என்று கத்தியவர் அறை நடுவில் நின்றுவிட்டார்.

அவருடைய கண் கலாவதியிடம் போயிருந்தது. அக்காவுக்கு நோய் வந்தபிறகு அவர் இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. மடியில் செத்துக் கிடந்த வலது கையை இப்போதுதான் பார்க்கிறார்.

"வாங்க... மாமா" என்றார் அக்கா.

"என்னம்மா…" என்றார் அவர். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது.

விளக்கு பச்சையானது.

"ஹலோ? விஷாலினி, கேக்குதா?" அதிகாரியின் குரல். "அங்கே பெரிய மழையா?"

நான் இரண்டு கையையும் தூக்கி எல்லோரையும் அடக்கினேன். விஷாலினி கண்ணைத் துடைக்காமலே சிரித்து, "யெஸ் மிஸ், கேக்குது" என்று தொடர்ந்தாள். ஒரு நிமிஷம் ஆகவில்லை.

ஒலிவாங்கி திறந்திருந்தது. யாரும் சத்தம் போட முடியாது. வெளியே போகலாமென்றால் மழை. இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை அந்த இரண்டு பேரும் கிசுகிசுப்பில்தான் பேச வேண்டியதாயிற்று.

பாலகிருஷ்ணன்தான் ஆரம்பித்தார். "ஒக்காரு. தரையெல்லாம் ஈரம்."

சோமு கலாவதியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். தம்பியும் எதிரில் குந்தினார்.

"ஆஸ்பத்திரிக்கி ஏன் வரல?"

"வந்தேன். நீ கீழ கேன்டீன்ல தனியா நின்னு அழுதுகிட்டிருந்த. நான் வந்தா இன்னும் கோவப்படுவியோன்னு அப்படியே திரும்பிட்டேன்."

"கோவப்பட்டிருப்பேன்." ஈரத் தரையை விரலால் தேய்த்துக்கொண்டே, "இருந்தாலும் வந்திருக்கலாம்."

"அந்த வருஷம் நீ தீக்குழிகிட்ட தள்ளாடுனியே, எனக்கு உசுரே போச்சுடா. கரகத்தோட நீ உள்ள விழுந்திருந்தா நான் யார் மூஞ்சியில முழிப்பேன்? அதாலதான் வேணாம்னேன்."

"அத வூட்ல வந்து சொல்லு. மைக்குல சொல்ற. பொம்பளைங்க, பொடிசுங்க எல்லாரும் என்னத் திரும்பிப் பாக்கறாங்க."

"தப்புதான்."

"மைக்குல."

"தப்புதான்டா."

கலாவதி அக்கா இடது கையால் நாற்காலியில் கிடந்த தன் துண்டை எடுத்து சோமு அண்ணனின் ஈரத் தோளில் போட்டார். அது நழுவியது. பாலகிருஷ்ணன் அதைப் பிடித்து அண்ணனின் முதுகைத் துடைத்துவிட்டார், மாட்டைத் துடைப்பது போல அழுத்தி அழுத்தி. வாசலில் வந்து நின்ற இராஜம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பச்சை விளக்கைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கும் ஒரு அண்ணன், எங்கள் பேச்சில் காக்கா, இருக்கிறார், சிரம்பானில். போனில் பேசி நாளாகிறது.

அதிகாரி நன்றி சொன்னார். வீட்டிலிருந்தே தொடரலாம் என்றார். விஷாலினி காலரிலிருந்து ஒலிவாங்கியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"முடிஞ்சிருச்சு, பாஸ்! பெரியப்பா, இனிமே நீங்க சத்தமாவே பேசலாம்."

சோமு அண்ணன் தம்பியைப் பார்த்தார். பிறகு அவளிடம், அதே கிசுகிசுப்பில் சொன்னார்.

"பேசிட்டோம்மா."